முதல் தவணை வரும் வரைக்கும்

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய தங்கச்சிக்கு மட்டக்களப்பு வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், முகாமைத்துவம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அப்பா 2009 மே மாதத்துக்குப் பிறகு இல்லை. என்ன ஆனார் என்பதும் இன்றுவரை தெரியாது. அம்மா வீட்டுக் காணியில் கச்சான் போடுகிறார், மிச்ச நாட்களில் கூலிக்குப் போகிறார். தம்பி ஒரு கராஜில் வேலை செய்கிறார். "மகாபொல நிச்சயம் கிடைக்குமா, எவ்வளவு வரும்? அதை நம்பிக் கிழமைக் கடன் எடுத்து அனுப்பலாமா? அல்லது ஒரு வருசம் பொறுத்து, காசு சேர்த்துக்கொண்டு போகட்டுமா?" இதுதான் கேள்வி. மகாபொல என்பது பல்கலைக்கழக மாணவருக்கான அரச புலமைப்பரிசில். கிழமைக் கடன் என்பது கிழமைக்குக் கிழமை தவணை கட்டுகிற நுண்கடன்.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொறுக்க வேண்டாம். குறித்த திகதிக்குள் பதியாவிட்டால் அந்த இடம் போய்விடும். வெற்றிடம் நிரப்பும்போது பட்டியலில் அடுத்து நிற்கிற பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிடுவார்கள். பதிந்த பிறகு உண்மையாகவே முடியாத நிலை வந்தால், காரணத்தைக் காட்டிப் படிப்பைத் தள்ளிவைக்கும்படி பல்கலைக்கழகத்தைக் கேட்கலாம். பதியாமல் விட்டால் கேட்பதற்கு ஒரு இடமே இருக்காது. எதற்கு இல்லையென்றாலும் பதிவுக்கு மட்டும் காசை ஒதுக்கி வையுங்கள், அது பெரிய தொகை இல்லை.

கிடைத்திருக்கிற இடம் என்ன பெறுமதி என்று உங்கள் அம்மாவுக்கும் விளங்க வேண்டும். உயர்தரத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்குத்தான் அரச பல்கலைக்கழகங்களில் இடம் இருக்கிறது. முகாமைத்துவம் போன்ற கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிகிறது. மிச்சம் 5 வீதம், கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கும் அந்த 16 இல் இருக்கின்றன. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளில் செய்த தரப்படுத்தல் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய காயம் என்பது எல்லோருக்கும் தெரியும். 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு மன்னாருக்கும் வவுனியாவுக்கும் கதவைத் திறந்துவிட்ட கதை என்பதை நாங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. உங்கள் தங்கச்சி எந்தக் கணக்கில் உள்ளே போனாலும் அது யாரும் போட்ட பிச்சை இல்லை. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத, கணித ஆசிரியர் நடுவில் இடமாற்றம் பெற்றுப் போகிற பாடசாலைகளில் படித்து அந்த வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது என்றால் என்னவென்று, உயர்தர மாணவருக்கு வணிகக்கல்வி படிப்பிக்கிற எனக்குத் தெரியும்.

ஆனால் எனக்குப் பல வருடங்களாக மனதில் உறுத்துகிற ஒரு விடயம் உண்டு. வாசலில் நிற்கும்போது "உன் மாவட்டம் பின்தங்கியது" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிடுகிற அரசு, பிள்ளை உள்ளே போன அடுத்த நிமிடம் அதை மறந்துவிடுகிறது. காசு விடயத்தில் முல்லைத்தீவுப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே வரிசையில், ஒரே திகதிக்காகக் காத்து நிற்கிறார்கள். அந்தக் காத்திருப்பைத் தாங்குகிற பலம் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவாக இல்லை.

சரி, மகாபொலவுக்கு வருவோம். லலித் அத்துலத்முதலி கொண்டுவந்த திட்டம் இது. 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதற்கென்று ஒரு நம்பிக்கை நிதியம் இருக்கிறது. திறமைக்கு ஒரு பிரிவு, வசதியின்மைக்கு ஒரு பிரிவு. உங்கள் தங்கச்சிக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான். பல வருடங்களாக மாதம் 5,000 ரூபாவாகவே இருந்தது. 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கி, அரிசியும் பஸ் கட்டணமும் எங்கேயோ போனபோதும் அதே 5,000 தான். 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆக்கினார்கள். மகாபொல கிடைக்காத, ஆனால் வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் ஊடாகக் கொடுக்கிற உதவுதொகையை மாணவர்கள் பேர்சரி என்பார்கள். அது 4,000 இலிருந்து 6,500 ஆனது. இரண்டில் ஒன்றுதான் எடுக்கலாம். மகாபொல வருடத்தில் 12 மாதமும் வராது, 10 தவணைதான். வரவு 80 வீதத்துக்குக் குறைந்தால் தவணை நிற்கும். காசு முடிந்து வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை நிற்கிற பிள்ளைக்கு இது இன்னொரு அடி. அதனால் தங்கச்சியிடம் இதை முதல் நாளே சொல்லி அனுப்புங்கள்.

"நிச்சயம் கிடைக்குமா" என்று கேட்டீர்கள். நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டு வருமானம், வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள தூரம், படிக்கிற வயதுச் சகோதரர்கள், இவையெல்லாம் தெரிவில் பார்க்கப்படுகின்றன. மூன்றில் இரண்டு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. மகாபொலப் பட்டியலில் பெயர் வராவிட்டால் மனம் உடையாமல் மாணவர் நலச் சேவைப் பிரிவுக்குப் போய்ப் பேர்சரி விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அறிவித்தல் பலகையில் ஒட்டிய கடதாசியைக் காணாமல் திகதியை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

தொகையை விட முக்கியமானது, அது எப்போது வரும் என்பது. பதிவு முடிந்து, விரிவுரை தொடங்கி, விண்ணப்பங்களைப் பார்த்து, பட்டியல் போட்டு, வங்கிக் கணக்குச் சரிபார்த்து, முதல் தவணை கைக்கு வர மாதக் கணக்கில் ஆகும். நிலுவை சேர்த்துத்தான் வரும், உண்மை. ஆனால் ஆறாம் மாதம் வருகிற நிலுவையை முதலாம் மாதம் சாப்பிட முடியாது.

2019 இல் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, தர்மபுரத்துக்கு உள்ளே ஒரு கிராமம், தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். கெட்டிக்காரி. நான்காம் மாதம் உடுப்புப் பையோடு திரும்பி வந்துவிட்டாள். கேட்டால், "காய்ச்சல் சேர், பிறகு போவன்" என்றாள். போகவில்லை. அவள் வந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு உதவித்தொகைப் பட்டியல் வந்தது. அதில் அவளுடைய பெயரும் இருந்தது. இப்போது ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அந்த நான்காம் மாதத்தில் யாராவது ஒருவர் 30,000 ரூபா கொடுத்திருந்தால் இன்று அவள் பட்டதாரி. கொடுக்காதவர்களில் நானும் ஒருவன், ஏனென்றால் காசு இருக்கிறதா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. அதன் பிறகுதான் பல்கலைக்கழகம் போகிற எங்கள் பிள்ளைகளிடம் முதல் வருடச் செலவைக் கொப்பியில் எழுதி எனக்கும் காட்டச் சொல்லத் தொடங்கினேன்.

2023 இல் போன ஒரு பிள்ளையின் கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. சீ.ஆர். கொப்பியின் பின்பக்கம், சிவப்புப் பேனையால் கோடு போட்டு எழுதியிருக்கிறாள். போடிங் (வாடகை அறை) முற்பணம், இரண்டு மாதத்துக்கு 14,000. மெத்தை 4,500. வாளி, நுளம்பு வலை, கோப்பை, தட்டு 2,200. தனக்கும் அம்மாவுக்கும் பஸ், வழிச் சாப்பாட்டோடு 6,800. சப்பாத்தும் பையும் 3,500. முதல் கிழமையிலேயே 31,000. பிறகு மாதம் மாதம்: சாப்பாடு 12,000, போடிங் 7,000, போட்டோக் கொப்பி, டேட்டா, சில்லறை எல்லாம் சேர்த்து 3,000. ஒரு பக்கத்தில் "மதியம் மட்டும்" என்று தொடர்ந்து ஒன்பது நாளுக்கு எழுதியிருக்கிறது. அது என்ன பிள்ளை என்று கேட்டேன். அந்த நாட்களில் காலையிலும் இரவிலும் சாப்பிடவில்லையாம்.

இந்தக் கணக்கைப் பிடித்துப் பார்த்தால் முதல் ஆறு மாதத்துக்கு ஒன்றரை இலட்சம் வரை வேண்டும். 2025 இல் கூட்டிய மகாபொல 7,500 வந்தாலும் அது மாதச் செலவில் மூன்றில் ஒன்றைத்தான் மூடும். ஆகவே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. முதல் ஆறு மாதத்தை எப்படித் தாண்டுவது? அதைத் தாண்டிவிட்டால் மிச்சத்தை, கஷ்டப்பட்டாலும், கொண்டுபோகலாம்.

இதில் உங்கள் கையில் இருக்கிற பெரிய விடயம் விடுதி. பல்கலைக்கழக விடுதிக் கட்டணம் வெளியிலுள்ள போடிங்கோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. முதலாம் வருடப் பிள்ளைகளுக்கும் தூரத்துப் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை கொடுப்பது வழக்கம். ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியா போய், அங்கே மட்டக்களப்பு பஸ் பிடித்துப் போகிற பிள்ளையைத் தூரத்துப் பிள்ளை இல்லை என்று சொல்ல முடியாது. விடுதி விண்ணப்பத்தைப் பதிவோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். கிடைத்தால் மாதம் 7,000 அப்படியே மிச்சம், முற்பணமும் இல்லை.

கிழமைக் கடன் எடுக்கவே வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். வன்னியில் அந்தக் கடன் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை உங்கள் அம்மாவும் பார்த்திருப்பார். வட்டி ஒரு பக்கம், கிழமைக்கு ஒரு நாள் வாசலில் வந்து நிற்கிற மோட்டார் சைக்கிள் மறுபக்கம். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. நிலைமை அவ்வளவுக்கு முற்றியிருந்தது. பிள்ளை படிப்பதற்கு நாலு வருடம். கிழமைக் கடனோ அடுத்த கிழமையே திருப்பிக் கேட்கும். இரண்டும் பொருந்தாது.

கடன்தான் வழி என்றால் உங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கூட்டுறவுச் சங்கம், சிக்கனக் கடனுதவுச் சங்கம், இவற்றில் அம்மா அங்கத்தவராக இருக்கிறாரா என்று பாருங்கள். வட்டி குறைவு, தலைவியும் தெரிந்த முகம். நகை ஏதும் இருந்தால் அரச வங்கியில் அடகு வையுங்கள், தனியார் கடைக்குப் போகாதீர்கள். ஒரு சோடித் தோடு என்றாலும் முதல் கிழமைச் செலவில் ஒரு பகுதியைத் தாங்கும். உங்கள் சம்பளத்தில் மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்பதை இப்போதே தீர்மானித்து, ஒரே திகதியில் அனுப்புங்கள். 5,000 என்றாலும் பரவாயில்லை. பிள்ளைக்கு எவ்வளவு வரும் என்பதை விட, எப்போது வரும் என்று தெரிவதுதான் தைரியம்.

அடுத்தது கடதாசிகள். உங்கள் வீட்டில் சிக்கல் வரப்போகிற இடம் இதுதான். விண்ணப்பத்தில் தந்தையின் தொழில், வருமானம் என்று கூடு இருக்கும். இறப்புச் சான்றிதழ் உங்களிடம் இல்லை, எடுக்க அம்மாவுக்கு மனமும் வராது. வரவும் வேண்டியதில்லை. 2016 இல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பதிவாளரிடம் பெறலாம். அது மரணச் சான்றிதழ் அல்ல. அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் எங்கேயும் கையெழுத்துப் போடுவதாகாது. தேடுகிற உரிமையும் போகாது. அம்மாவிடம் இதை ஆறுதலாக இருந்து விளங்கப்படுத்துங்கள். பல தாய்மார் அந்தக் கடதாசியைத் தொடவே பயந்து, பிள்ளையின் விண்ணப்பத்தில் அந்தக் கூட்டை வெறுமையாக விட்டுவிட்டு, பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைந்திருக்கிறார்கள். அது கையில் இன்னும் இல்லையென்றால், விண்ணப்பத் திகதியைத் தவற விடாமல், விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், குடும்ப நிலையை எழுதிய கடிதம் ஒன்று வாங்கிப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தி இணையுங்கள்.

வருமானத்தையும் பார்த்து எழுதுங்கள். கச்சான் விற்ற காசு முழுவதையும் வருமானம் என்று போட்டுவிடாதீர்கள். உழவுக்கு, விதைக்கு, பிடுங்குகிற கூலிக்கு, குரங்குக்கும் பன்றிக்கும் காவல் நின்ற நாளுக்கு எவ்வளவு போனது என்று ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு விதானையாரிடம் போங்கள். கழித்து மிஞ்சுவதுதான் வருமானம். பொய் எழுதச் சொல்லவில்லை. உண்மையை முழுதாக எழுதச் சொல்கிறேன். அந்தப் படிவத்தில் கடனுக்கு ஒரு கூடு இல்லை, ஒரு போகம் மழையில் அழிந்ததற்கும் கூடு இல்லை. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும கிடைக்கிறதென்றால் அதற்கான அத்தாட்சியின் பிரதியையும் சேர்த்து வையுங்கள். எல்லாவற்றிலும் நாலு பிரதி எடுத்து ஒரு கோவையில் தங்கச்சியிடம் கொடுத்து விடுங்கள். அங்கே போன பிறகு ஒரு கடதாசிக்காக ஊருக்கு வந்து போவதென்றால் இரண்டு நாளும் பல ஆயிரமும் போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து வருகிற உதவி பற்றியும் சொல்ல வேண்டும். பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் புலம்பெயர் நாடுகளில் இருக்கின்றன, நிறையப் பிள்ளைகளை அவைதான் தூக்கி விடுகின்றன. தங்கச்சி படித்த பாடசாலை அதிபரிடம் நேரே போய்க் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கேட்கும்போது "ஏதாவது உதவி" என்று கேட்காதீர்கள். "முதல் ஆறு மாதத்துக்கு மாதம் 10,000, மகாபொல வந்ததும் நிறுத்தலாம்" என்று கேளுங்கள். கொடுக்கிறவருக்கும் அது தெளிவு. கொடுக்கிறவர்கள் இதை வாசித்தால் அவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மேடை போட்டு, பிள்ளையின் கையில் காசோலையைக் கொடுத்துப் படம் எடுத்துப் போடாதீர்கள். அந்தப் படம் பிள்ளைக்கு முன்பே அவளுடைய வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மடிக்கணினி வாங்கிக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் "மதியம் மட்டும்" என்று எழுதிய அந்த ஒன்பது நாளும் அந்தக் கொப்பிப் பிள்ளைக்கு இல்லாமல் போனது மடிக்கணினி அல்ல.

ஊரில் சிலர் கேட்பார்கள், வவுனியாவிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறதே, ஏன் மட்டக்களப்புக்கு என்று. நியாயமான கேள்விதான். 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1 இலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகம் தனியாக நிற்கிறது. பம்பைமடுவில் வியாபாரக் கற்கைகளுக்கும் பீடம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. ஆனால் அனுமதி நாடு முழுவதற்கும் பொது. கட்டடம் வன்னியில் இருப்பதால் இடமும் வன்னிப் பிள்ளைக்கு என்று ஆகாது. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கலையும் வணிகமும் படிக்கிறார்கள், அறிவியல் நகரில் இருப்பவை கணிதமும் விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் படித்தவர்களுக்கான பீடங்கள். ஊருக்குள் பல்கலைக்கழகம் வந்தும் ஊர்ப் பிள்ளை பஸ் ஏறித்தான் போக வேண்டியிருக்கிறது என்றால், அதற்கான வேலையைத் தரம் ஆறில் தொடங்க வேண்டும்.

தனியார் பட்டப் படிப்புக்கு வட்டியில்லாக் கடன் என்று ஒன்றை அரசு 2017 இலிருந்து கொடுக்கிறது. அது உங்களுக்குத் தேவையில்லை. அரச இடம் கையில் இருக்கும்போது அந்தப் பக்கம் பார்க்கவே வேண்டாம்.

உங்களுக்கு இன்னும் தம்பியோ மச்சாளோ சாதாரண தரத்தில் இருந்தால் ஒரு விடயத்தை இப்போதே குறித்து வையுங்கள். சாதாரண தரத்தில் முதல் தடவையிலேயே நன்றாகச் சித்தியடைந்து உயர்தரம் படிக்கிற, வசதி குறைந்த பிள்ளைகளுக்கு ஜனாதிபதி நிதியம் மாதம் 6,000 ரூபா வீதம் 24 மாதங்களுக்குப் புலமைப்பரிசில் கொடுத்து வந்திருக்கிறது. தெரிவு கல்வி வலயம் வலயமாக நடந்தது. அதாவது துணுக்காய்ப் பிள்ளை துணுக்காய்ப் பிள்ளையோடுதான் போட்டி போட்டது, கொழும்போடு அல்ல. உதவித்தொகையை இப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அறிவித்தல் பாடசாலைக்கு வரும். அதிபர் மேசையிலேயே கிடந்துவிடாமல் நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். இன்னொன்று, பெரிய பாடசாலை என்று சொல்லிப் பிள்ளையை வேறு மாவட்டத்துக்கு அனுப்புவதற்கு முன் யோசியுங்கள். உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடங்கள் எந்த மாவட்டத்தில் படித்தார் என்பதை வைத்துத்தான் மாவட்ட ஒதுக்கீடு பார்க்கப்படுகிறது.

தங்கச்சியின் கடிதத்தில் பதிவுக்குக் கடைசித் திகதி எது என்பதை மட்டும் இன்றைக்கே எனக்கு எழுதி அனுப்புங்கள், விண்ணப்பங்களை நிரப்பும்போது கூட இருந்து பார்க்கிறேன். வந்தாறுமூலையில் எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருத்தி மூன்றாம் வருடம் படிக்கிறாள். அவளிடம் சொல்லியிருக்கிறேன், பஸ்ஸால் இறங்குகிற இடத்துக்கு வந்து நிற்பாள். அம்மாவும் கூட வருவதாயிருந்தால், அன்றிரவு தங்குவதற்கு அவளுடைய போடிங்கில் இடம் இருக்கிறதாம்.